கரைக்கேள்வி

1

எவர்சில்வர் தட்டில் ஏதோ விழுந்து உருண்டது. முதலில் கிண் என்று ஒரு சத்தம். பிறகு விளிம்பை ஒட்டிக் கிணுகிணுவென ஒரு சுற்று. கடைசியில் நிற்க மனமில்லாமல் இரண்டு தட்டல். அப்புறம் ஒன்றுமில்லை.

குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வெளியே ஓடிவந்தேன். வெளியே மழை. பெர்கன் நகரத்தில் மழை பெய்வதை யாரும் எழுதி அனுப்பத் தேவையில்லை. பெய்யாத நாளைத்தான் எழுத வேண்டும். சமையலறை மேசையில் என் மகள் இனியா உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. அவள் முன்னால் நாகர்கோவிலிலிருந்து நான் கொண்டுவந்த பழைய தட்டு. தட்டின் நடுவில், இருபது முகம் கொண்ட ஒரு பச்சைக் கட்டை.

"எங்கட்டி இருந்து எடுத்த இத?"

"உன் தையல் டப்பால இருந்துச்சு. அம்மா, இது ரொம்பப் பழைய டெர்னிங். நம்பர் எல்லாம் பாதி அழிஞ்சு போச்சு."

டெர்னிங் என்றால் இந்த ஊர் மொழியில் தாயக்கட்டை. நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் கூடி ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கதைக்குள் ஆளாகிப் பேச, இக்கட்டு வந்தால் கட்டையை உருட்டி முடிவு கட்டுவது. அதில் சேர்ந்திருக்கிறாள். ஒரு தாளை நீட்டினாள். அவள் எடுத்திருக்கிற ஆள் ஒரு கடல்வாசி. பலம் இரண்டு கூடுதல். பொறுமை இரண்டு குறைவு. குணம்: சத்தம் போடுவது.

"ஏன் சத்தம் போடணும்?"

"கடல் ஆளுங்க அப்படித்தான். புக்ல இருக்கு."

நான் கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பதினோரு வருடம் தையல் ஊசிகளோடு கிடந்திருக்கிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் நெல்லிக்காய். அது என்னிடம் இருக்கிறது என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. எங்கே இருக்கிறது என்று பார்க்காமலிருக்க மட்டும் பழகியிருந்தேன்.

2

நாகர்கோவிலில் வடசேரி பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால், வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி. 2005. என் வயது முப்பது. தேரூர்ப் பக்கம் வயல் சூழ்ந்த ஊரிலிருந்து வந்து, தாலுகா ஆபீசில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். மனுஷரை ஒரு வரிக்குள் அடக்குவதுதான் வேலை. அந்த வரிக்கென்று புள்ளிக்கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள். அதற்கு மேல் யாரும் நீண்டுவிடக் கூடாது.

அறையில் மூன்று பேர். பிந்து, குழித்துறைக்காரி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கோபம் வந்தால் பாதி மலையாளம். அடுத்தவள் ஜெனோவா. கடற்கரை ஊரான முட்டத்துக்காரி. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பவள். அவள் விடுதிக்கு வந்து சேர்ந்தது ஜூனில். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கடல் கரையேறி ஊர்களுக்குள் வந்து போயிருந்தது. அதைப்பற்றி அவள் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் புத்தகம் ஜெனோவின் அண்ணனுடையது. சரக்குக் கப்பலில் வேலை. கூட இருந்த ஒருவன் ஏதோ துறைமுகத்தில் இறங்கிப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். அட்டை கிடையாது. முதல் முப்பது பக்கமும் கடைசிப் பகுதியும் ஈரத்தில் போய்விட்டன. ஆகையால் அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்றும் தெரியாது. கூடவே இந்த ஒற்றைக் கட்டை. பச்சையாக, ஒளி ஊடுருவி, வரிவரியாக இருந்ததால் பிந்து பார்த்தவுடனே, "அய்யே, இது நெல்லிக்கா அல்லியா?" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

சண்டை போடுவது எப்படி, ஜெயிப்பது எப்படி என்பதெல்லாம் தொலைந்த பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு மிஞ்சியது ஒரு இல்லாத உலகத்தின் வரைபடமும், அந்த உலகத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்ற அத்தியாயமும்தான். மரமாந்தர், கடல்மாந்தர், குகைமாந்தர். அவர்கள் என்ன உண்பார்கள், எப்படிப் பேசுவார்கள், எதற்குக் கோபப்படுவார்கள்.

ஆக, நாங்கள் ஒருநாளும் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெனோ பூசைக்குப் போய்வந்த பிறகு, மத்தியான சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் முன், அந்த உலகத்துக்குள் போவோம். அங்கே பெண் பார்க்கப் போனோம். சாவு வீட்டுக்குப் போனோம். சந்தையில் குகைக்காரியிடம் உப்பு வாங்கப் பேரம் பேசினோம். பேரம் படியுமா என்பதை நெல்லிக்காய் சொல்லும். பத்துக்கு மேல் விழுந்தால் படியும். அது நாங்களே வைத்த சட்டம்.

3

தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் வீட்டுத் தட்டு. அடியில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். ஒருநாள் ஜெனோ ஊரிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து, கைக்குக் கிடைத்த அதில் போட்டுச் சாப்பிட்டுவிட்டாள். என்னைப் பார்க்க வந்த அம்மா அதைக் கண்டாள். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. அம்மா கோபப்படவில்லை, சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். "இந்தத் தட்டு இனி இங்கயே கெடக்கட்டும் மக்களே. வீட்டுக்குக் கொண்டாராண்டாம்."

ஜெனோ பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டாள். அம்மா போனதும் தட்டை எடுத்து நடுவில் வைத்து, நெல்லிக்காயை அதில் உருட்டினாள்.

"நல்ல சத்தம்டி. இனி இதுலதான் உருட்டணும். உங்க அம்ம நமக்குக் குடுத்த சீதனமாக்கும்."

4

மாந்தர் அத்தியாயத்தை முதன்முதலில் பிந்து வாசித்த நாள். அவள் இங்கிலீஷில் ஒரு வரி வாசித்து, உடனே தமிழில் சொல்வாள்.

"மரமாந்தர் பெருமை பிடிச்சவங்க. மெல்லப் பேசுவாங்க. விருந்தாளியை வாசல்லயே நிறுத்தி மூணு தலைமுறை விசாரிப்பாங்க."

ஜெனோ கைதட்டினாள். "ஏட்டி பகவதி! இத எழுதுனவன் ஒனக்க வீட்டுக்கு வந்திருக்காம்டி. வராம இவ்வளவு சரியா எழுத முடியுமா?"

சிரித்தோம். அன்றோடு நான் மரமாந்தர் ஆனேன். அடுத்த பகுதி.

"கடல்மாந்தர் உரக்கக் கத்துவாங்க. முன்கோபிங்க. நாளையப் பத்திக் கவலை கிடையாது, கெடச்சத அன்னைக்கே தீர்த்திருவாங்க. பொறப்பட்டுப் போறவங்ககிட்ட எங்க போறேன்னுகூடக் கேக்கமாட்டாங்க..." பிந்து குரலைத் தாழ்த்தினாள். "பாசம் குறைஞ்சவங்க."

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். விளையாட்டாகத்தான். "முதல் ரெண்டும் சரியாத்தான் எழுதியிருக்கான்."

ஜெனோ சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பிந்துவின் கையிலிருந்து வாங்கி, அவளுக்கு அவ்வளவாகப் பிடிபடாத அந்த இங்கிலீஷைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத எழுதுனவன் வயக்காட்டுக்காரனாக்கும்."

"அவன் எந்த நாட்டுக்காரனோ. அவன் எங்கட்டி நம்ம வயல பாத்தான்?" என்றேன்.

"வயலு எல்லா நாட்டுலயும் உண்டு. பாறையில அலை அடிக்குத எடத்துல வந்து நின்னு, காதுல ரகசியம் பேசிப் பாரு, கேக்குதான்னு. கத்தாம என்ன செய்வாவ? நாளைக்குன்னு வைக்க மாட்டாவளாம். நெல்லு பத்தாயத்துல ஆறு மாசம் கெடக்கும். சாளை மீன ஒரு நாளு பத்தாயத்துல போட்டு மூடி வையி. மறுநாளு ஒனக்க அம்ம ஊர விட்டே ஓடிருவா."

பிந்து சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகம் புதைத்தாள்.

"சிரிக்காத. எங்க போறேன்னு கேக்க மாட்டாவளாம். நீங்க கேப்பியளா? சொல்லுங்க."

"எறங்குற நேரத்துல எங்க போறன்னு கேட்டா எங்கம்மை வெளக்குமாறு எடுத்திருவா," என்றேன்.

"எங்க வீட்டிலயும் கேக்கப்படாது," என்றாள் பிந்து.

"பாத்தியா. மூணு ஊருலயும் போறவளுக்கு நல்லது நடக்கணும்னு வாய மூடிட்டு இருக்கோம். இவன் அதப் பாத்துட்டு பாசம் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான். கேக்காதது மட்டும்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன்னு கேக்க அவன் கரைக்கே வரல்ல."

பென்சிலை எடுத்தாள். அந்த வரிகளின் மேல் ஒரு கோடு. பக்கத்து ஓரத்தில் தமிழில் எழுதத் தொடங்கினாள். அன்று பிறந்ததுதான் எங்கள் ஆட்டத்தின் இரண்டாவது சட்டம்: அவரவர் மாந்தரை அவரவர் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதினால் ஒரு வாரம் தட்டு கழுவ வேண்டும்.

மறுநாள் தாலுகா ஆபீசில் புள்ளிக்கோட்டின் மேல் ஒருவரின் சாதியை அடிக்கும்போது என் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அடித்தன. எனக்கும் வேலை வேண்டுமே.

5

இங்கே வந்த முதல் வருடம், புதிதாகக் குடியேறியவர்களுக்கான மொழி வகுப்பில் ஒரு சிறு கையேடு கைக்கு வந்தது. இது எங்களுக்கல்ல, எங்களோடு பழக வேண்டிய அலுவலர்களுக்கானது. தவறி என் கோப்பில் வந்துவிட்டது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க வாசித்தேன். தெற்காசியர் என்று ஒரு பத்தி. அவர்கள் இல்லை என்று நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். முதல் முறை கேட்டால் உணவை மறுப்பார்கள். நன்றி சொல்லும் பழக்கம் குறைவு.

எங்கள் அம்மாவின் சமையலறையை யாரோ சன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போலிருந்தது. பார்த்ததில் பொய் இல்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். நான் பென்சிலைத் தேடினேன். ஓரத்தில் எழுதினேன்: இதை எழுதியவர் வயக்காட்டுக்காரராக்கும். மறுநாள் வகுப்பாசிரியை அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கண்ணைப் பார்க்காமல், வீட்டுப்பாடம் என்று சொன்னேன்.

இங்கே தமிழர்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். முதல் முறை நான் பேசக் கேட்ட ஒரு அக்கா, "நீங்கள் மலையாளமோ?" என்று கேட்டார். தமிழ் வகுப்பில் இனியா தன் தோழியை 'ஏட்டி' என்று கூப்பிட்டுவிட்டு, அது மரியாதையில்லை என்று திருத்தப்பட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பிரியம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று நான் யாருக்கு எழுதிக் கொடுப்பது?

இனியா பள்ளிக்குக் கிளம்பும்போது, "அம்மா, நான் போறேன்" என்பாள்.

"வாறேன்னு சொல்லு."

"நான் வரல. போறேன். ஏன் பொய் சொல்லணும்?"

ஐந்து வயதில் ஒரு தரம் சொன்னாள், எட்டு வயதில் ஒரு தரம். இப்போது நான் திருத்துவதில்லை. கதவு மூடிய பிறகு அவளுக்காக நானே மெல்லச் சொல்லிக்கொள்கிறேன். போயிட்டு வாறேன்.

6

கரைக்கேள்விக்கு வருகிறேன்.

கடல்மாந்தரின் பக்க ஓரங்களை ஜெனோ நிறைத்துக்கொண்டே போனாள். அவர்கள் பிள்ளைக்குப் பெயர் வைப்பது எப்படி, கோபித்துக்கொண்ட புருஷனைச் சமாதானம் செய்வது எப்படி. ஒரு ஞாயிறு, பிந்து எடுத்திருந்த ஒரு கிழட்டுப் படகோட்டி நெடும்பயணம் புறப்பட வேண்டியிருந்தது. கடல்மாந்தர் அவனை எப்படி வழியனுப்புவார்கள் என்று பிந்து கேட்டாள். புத்தகத்தில் ஒன்றும் இல்லை. ஜெனோ பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கரையில நிக்குதவ ஒரு கேள்வி கேக்கணும். எங்க போறன்னு இல்ல. எப்ப வருவன்னும் இல்ல. சும்மா ஒரு சின்ன கேள்வி. அதுக்கு, போறவ பதிலு சொல்லப்படாது. வாய மூடிட்டுப் போகணும். திரும்பி வந்துதான் சொல்லணும்."

"ஒங்க ஊருல அப்படி உண்டா?" என்றாள் பிந்து.

"இல்ல. இப்ப நான் உண்டாக்குனது."

"தெரியாம பதிலு சொல்லிட்டா?" என்று நான் கேட்டேன்.

"சொல்லிட்டா, தீந்துபோச்சு. இனி வாறதுக்கு அவளுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. வரமாட்டான்னு அர்த்தம்."

படகோட்டியிடம் அவள் கேட்ட கேள்வி: "ஒமக்க வள்ளத்துல எத்தன ஓட்டை இருக்கு ஓய்?" பிந்து வாயைப் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தாள். மூன்று ஞாயிறு நெல்லிக்காய் பத்துக்குக் கீழேயே விழுந்தது. படகோட்டி கரை சேரவில்லை. நான்காவது ஞாயிறு பதினேழு. பிந்து எழுந்து நின்று, "ஒரு ஓட்டையும் இல்ல!" என்று கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து சுவரில் தட்டினார்கள். ஜெனோ அழுதுகொண்டிருந்தாள். ஒரு கிழவன் ஊர் திரும்பியதற்கு இத்தனை அழுகையா என்று நாங்கள் அவளைக் கேலி செய்தோம். இப்போது அந்த டிசம்பரோடு சேர்த்து அந்தக் கேலியை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

7

2006. எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு பெர்கனில் வேலை. பிந்துவுக்கு மாற்றலாகி அவள் முன்பே போய்விட்டாள். சென்னைக்கு ரயிலேற நாகர்கோவில் சந்திப்புக்குப் போனோம். அம்மா, அப்பா, மாமியார் வீட்டார், பழக்குலை, பெட்டிகள். ஜெனோ கொஞ்சம் தள்ளி ஒரு தூணோரம் நின்றிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரலில் அச்சு மை.

பாஸ்போர்ட் எங்கே, விசா தாள் எங்கே, எத்தனை நகல் எடுத்தாய் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லும் யந்திரமாகியிருந்தேன். வண்டி அசைந்தது. ஜெனோ ஓடிவந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ஏட்டி, நெல்லிக்கா ஒனக்க பையிலயா, எனக்க பையிலயா?"

"எனக்க பையிலதான். பத்திரமா இருக்கு," என்றேன்.

அவள் கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். நடை நின்றது. "அப்ப செரி," என்றாள்.

ஆரல்வாய்மொழி வந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது, நான் என்ன செய்துவிட்டேன் என்று. பக்கத்தில் புதுக் கணவர். ஒரு விளையாட்டுக்காக இறங்கி ஓடவா முடியும்? விளையாட்டுதானே என்று சொல்லிக்கொண்டேன். போன் பண்ணிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போன் பண்ணினேன், இருவரும் தட்பவெப்பம் பேசினோம். அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. அப்புறம் அவள் எண் மாறியது. என் முகவரி மாறியது.

அதற்குப் பிறகு நான்கு முறை ஊருக்குப் போயிருக்கிறேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போனேன். அங்கிருந்து முட்டம் எவ்வளவு தூரம்? ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். மாமனாரைப் பார்க்க வேண்டும். விசா தாளில் ஒரு கையெழுத்து. உண்மையான காரணம் ஒன்றுதான். போய் நின்றால், நான் வரமாட்டேன் என்று நம்பிய ஒருத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

8

தட்டில் அந்தச் சத்தம் கேட்ட வருடத்தின் கோடையில் இனியாவையும் நெல்லிக்காயையும் கூட்டிக்கொண்டு முட்டம் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டதும் வழி சொன்னார்கள். கோயிலுக்குப் போகும் சாலையில் ஜெராக்ஸ் கடை. உள்ளே கண்ணாடி போட்ட ஒருத்தி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், "ஆதார் கார்டுல மூஞ்சி கறுப்பா விழுந்தா நான் என்னவே செய்ய? மெஷினு இருக்குதத காட்டுது."

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது.

"வந்தியா?" என்றாள்.

"வந்தேன்."

"தடிச்சுட்டியேட்டி. அங்க பனியத் திம்பாவளோ?"

"நீ மட்டும் என்ன, கொடி மாதிரியா இருக்க?"

"எனக்கு வயசாவுது. இது யாரு, மகளா? ஒனக்க மூக்குதான். நல்லவேளை, நாக்கு யாருக்க நாக்குன்னு தெரியல்ல."

அதற்குமேல் தாங்க முடியவில்லை. "ஜெனோ, அன்னைக்கு ரயில்ல..."

"இரி மொதல்ல. வெள்ளம் குடி."

வீடு கடைக்குப் பின்னால். கணவர் கடலில் இருந்தார். மீன் பொரித்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள். "ஒனக்க அம்மைக்குத் தெரியுமா?" பெர்கனில் மீன் தின்னாமல் வாழ முடியாது என்றேன். "ஆமா, தட்டு ஏற்கெனவே கெட்டுப்போச்சுல்லா," என்றாள். குரலில் முள் இருந்ததா என்று தேடினேன். இருந்தது. சின்னது.

நான் நெல்லிக்காயை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. எழுந்து போய், அலமாரியிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பைண்ட் செய்திருந்தாள். இனியாவின் கண் விரிந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு புரட்டினாள். இங்கிலீஷ் வரிகளை விட்டுவிட்டு, ஓரங்களை, அந்தப் பென்சில் எழுத்துகளை, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

"க-ட-ல்... கடல்மாந்தர் கத்துவது, அலை கத்துவதால்." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அம்மா, என் புக்ல இது இல்ல."

"ஒனக்க புக்க எழுதுனவன் கேட்டிருக்க மாட்டான் மக்கா," என்றாள் ஜெனோ.

இனியா பக்கம் திருப்பினாள். மரமாந்தர். அங்கே என் எழுத்து, பிந்துவின் எழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே ஜெனோவின் எழுத்தில் இரண்டு வரி. நான் பார்த்திராதவை. இனியா சத்தமாக வாசித்தாள்.

"மரமாந்தர் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். போனால் வரமாட்டார்கள்."

 பாறையில் அலை மோதும் சத்தம் உள்ளேவரை கேட்டது.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்து வந்து எழுதுனது," என்றாள் ஜெனோ மெல்ல. அவள் மெல்லப் பேசி நான் கேட்டது அபூர்வம். "கேக்காம எழுதுனேன். சட்டப்படி ஒரு வாரம் தட்டு கழுவணும், நான்."

"ஆரல்வாய்மொழியில எனக்குப் புரிஞ்சுது. எறங்கியிருக்கணும்."

"எறங்கி? தாலிச் சரடு காயாம ஓடி வந்திருப்பியா? போடி." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "வெளையாட்டுன்னு எனக்கும் தெரியும். ஆனா நாலு தரம் ஊருக்கு வந்திட்டுப் போயிருக்க. மண்டைக்காட்டுல ஒன்னப் பாத்தேன்னு ஒரு பிள்ள வந்து சொன்னா. அப்ப நான் எழுதுனது சரிதான்னு நெனச்சேன். தப்பா எழுதிட்டோம்னு ஆகணும்னு ரொம்ப ஆச, கேட்டியா? பதினோரு வருசம் அந்த வரி சரியாவே இருந்துது."

நான் தலைகுனிந்திருந்தேன். "அழி ஜெனோ. ரப்பர் எங்க?"

"கடையில ரப்பர் தீந்துபோச்சு."

கடை நிறைய ரப்பர் இருந்தது. வரும்போதே கண்ணாடி டப்பாவில் பார்த்தேன்.

இனியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, அந்த வரிக்குக் கீழே, தமிழ் வகுப்பில் பழகிய உருண்டை எழுத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். ஒரு வரிதான். நெடுநேரம் எடுத்தது. 'தாமதமா வறுவாங்க.'

"வறுக்குதது மீனையாக்கும்," என்றாள் ஜெனோ. 'று'வின் மேல் கை வைத்தாள், திருத்துவது போல. பிறகு திருத்தவில்லை. புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம்தான் நெல்லிக்காயைக் கையில் எடுத்தாள். தட்டு கொண்டுவந்தாயா என்று கேட்டாள். பெர்கனில் இருக்கிறது என்றேன். அவள் வீட்டுத் தட்டிலேயே உருட்டினோம். சத்தம் வேறு மாதிரி இருந்தது. நாலு விழுந்தது. "ஒனக்க யோகம்," என்றாள்.

9

நாலரை மணி பஸ். கலங்கரை விளக்கத்தின் நிழல் சாலைவரை நீண்டிருந்தது. ஜெனோ கடையைச் சாத்தாமலே கூட வந்தாள். வழியெல்லாம் பேச்சு: பிந்து திருவனந்தபுரத்தில் இருப்பது, அவளுக்கு சர்க்கரை, அவள் இப்போதும் பாதிக் கோபத்தில் மலையாளத்துக்குத் தாவுவது. நெல்லிக்காயை நான் திரும்பக் கேட்கவில்லை.

பஸ் வந்தது. ஏறி சன்னலோரம் உட்கார்ந்தோம். இனியா கம்பிகளுக்கிடையே கையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, நான் போறேன்."

 ஜெனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போ மக்கா," என்றாள். "போறதுதானே. மிச்சத்த நான் பாத்துக்குடுதேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. ஜெனோ கூடவே நடந்தாள். நாகர்கோவில் ரயிலடியில் நடந்தது போலவே, ஆனால் இப்போது மூச்சிரைத்தது. இரண்டு கைகளையும் முஷ்டியாக மூடி, சன்னலுக்கு நேரே உயர்த்தினாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல், முழு முட்டமும் கேட்கும்படி, அலைக்கு மேலே கத்தினாள்.

வலது கையின் விரல் இடுக்கில் பச்சை தெரிந்தது. இனியாவுக்கும் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். நான் தடுப்பதற்குள், புத்தக ஓரத்தில் வாசித்த கரைக்கேள்வியை நினைத்துக்கொண்டவள் போல, தன் இரண்டு கையாலும் தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி வளைவில் திரும்பும்வரை அந்தக் குரல் பின்னால் வந்தது.

"ஏட்டி, நெல்லிக்கா எனக்க எந்தக் கையில இருக்கு?"